அம்மா பக்கம்

பலதுறை மருந்தகத்தில் அந்த மருத்துவர் கணினித் திரையைப் பார்த்தபடியே கேட்டார். "குடும்பத்துல யாருக்காவது ஆஸ்துமா இருக்கா? அம்மா பக்கம்?"

அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இருக்கு டாக்டர். எங்கம்மாவுக்கு. சின்ன வயசுலேர்ந்தே."

அவர் தட்டிக்கொண்டார். அக்காவின் மடியில் 3 வயது பாப்பா இருமிக்கொண்டிருந்தாள். நான் சுவரில் ஒட்டியிருந்த மீன் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் அம்மாவுக்கு ஆஸ்துமா இருப்பது உண்மை. அக்கா அம்மாவின் மகள் என்பதும் உண்மை. பாப்பா அக்காவின் மகள் என்பதும் உண்மை. மூன்று உண்மைகளை அடுக்கி வைத்தால் ஒரு பொய் வந்துவிடும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. தமிழில் கேட்டிருந்தால் அக்காவுக்கு அவ்வளவு சுலபமாக வாயில் வந்திருக்குமா, சொல்ல முடியாது. "அம்மா பக்கம்" என்றால் நமக்கு சீர், தாய்மாமன், மொட்டை, காதுகுத்து என்று ஒரு படையே கூட வரும்.

பாப்பா பிறந்தது இன்னொரு பெண்ணின் கருமுட்டையிலிருந்து. அந்தப் பெண் யாரென்று எங்களுக்குத் தெரியாது. 2019 டிசம்பரில் சென்னையில் இருந்தாள், வயது 24 என்று ஒரு காகிதம் சொன்னது. இந்தக் கட்டுரையை அக்காவிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். இரண்டு இடங்களை எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன். எங்களை அடையாளம் காட்டக்கூடிய சிலவற்றை மாற்றியிருக்கிறேன். மாற்றாமல் விட்டது இதில் என்னுடைய பங்கை மட்டும்.

சென்னைக்குப் போவதற்கு ஒரு வருடம் முன்னால் அக்கா என்னிடம்தான் கேட்டாள்.

2018 தீபாவளிக்கு முந்தைய வாரம். ஜூரோங் வெஸ்ட்டில் அவள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். தலையைத் தூக்காமலே, "உன்னோடது ஒண்ணு குடுப்பியாடி?" என்றாள். சேலையைக் கேட்கிறாள் என்று நினைத்து, "எது வேணுமோ எடுத்துக்கயேன், இதுக்கெல்லாமா கேப்பாங்க" என்றேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். அப்புறம்தான் அது சேலை இல்லை என்று புரிந்தது.

அவளுக்கு அப்போது 39. எனக்கு 26. நாலு முறை ஐவிஎஃப் செய்து நாலும் நிற்கவில்லை. ஒரு பெண் பிறக்கும்போதே அவளுடைய கருமுட்டைகள் எல்லாம் அவளுக்குள் இருக்கின்றன, புதிதாக உற்பத்தி கிடையாது. வயது ஏற ஏற எண்ணிக்கையும் குறையும், இருக்கிற முட்டைகளில் குரோமோசோம் பழுதுள்ளவையும் கூடும். கருப்பைக்கு இந்த அவசரம் இல்லை. 40-ஐத் தாண்டிய கருப்பையும் 26 வயது முட்டையைச் சுமந்துவிடும். டாக்டர் அக்காவிடம் கேட்டது இதுதான்: உங்களுக்குத் தங்கை இருக்கிறாளா?

சிங்கப்பூரில் கருமுட்டையை விலைக்கு வாங்க முடியாது. 2004-ஆம் ஆண்டுச் சட்டம் முட்டை, விந்து, கரு எதையும் வியாபாரம் செய்யக் கூடாது என்கிறது. செலவை ஈடுகட்டலாம், விலை கொடுக்கக் கூடாது. விலை இல்லாத இடத்தில் முன்பின் தெரியாத ஒருத்தி உங்களுக்காகப் பத்துப் பன்னிரண்டு நாள் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்வாளா? அதிலும் எங்களைப் போன்ற சிறுபான்மைக்கு, "நம்மளப் போல" ஒருத்தி? அதனால் தங்கை, சித்தப்பா மகள், தோழி என்று சொந்த வட்டத்துக்குள்தான் தேட வேண்டியிருக்கிறது. 2013-இல் வந்த இன்னொரு சட்டம் சுமந்து பெற்றவள்தான் தாய் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே சட்டப்படி நான் முன்பும் சித்தி, பின்பும் சித்தி.

இரண்டு நாளில் சரி என்றேன். ஒரு நிபந்தனை போட்டேன். பிள்ளைக்கு விவரம் தெரிகிற வயதில் சொல்லிவிட வேண்டும்.

அப்போது என் மண்டையில் பல்கலைக்கழகத்தில் எடுத்த ஒரு மெய்யியல் பாடத்தின் மிச்சம் ஓடிக்கொண்டிருந்தது. டேவிட் வெல்மன் என்ற அமெரிக்க மெய்யியலாளர் 2005-இல் எழுதிய 'குடும்ப வரலாறு' என்ற கட்டுரை. மனிதன் தன்னைப் புரிந்துகொள்வதே ரத்த உறவுகளில் தன் சாயலைப் பார்த்துப் பார்த்துத்தான், அந்த வாய்ப்பைத் திட்டமிட்டே பறித்து ஒரு பிள்ளையை உண்டாக்குவது தவறு என்பது அவர் வாதம். தத்துப் பிள்ளைகளின் தாயான சாலி ஹஸ்லாங்கர் அதற்குப் பதில் எழுதினார். "ரத்தம்தான் குடும்பம்" என்று ஊர் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பதால்தான் அது இல்லாத பிள்ளைக்குக் குறை தோன்றுகிறது, சாயலைத் தேட வேறு கண்ணாடிகளும் உண்டு என்றார். எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே பட்டது. ஆனால் இரண்டு பேருமே மறைத்து வைக்கச் சொல்லவில்லை. பிரிட்டனில் 2005 ஏப்ரல் 1-க்குப் பிறகு பதிந்துகொண்ட கொடையாளர்களின் பெயரை, பிறந்த பிள்ளை 18 வயதானதும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று சட்டமே மாறியது. இதையெல்லாம் அக்காவிடம் ஒப்பித்தேன். 26 வயதில் நாம் படித்ததெல்லாம் பிறர் வாழ்க்கைக்கு உடனே பொருந்திவிடும்.

அக்கா தன் பக்கத்துக்கு ஒரு தீர்ப்பைக் கொண்டுவந்தாள். 2017 மார்ச்சில் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. சீனப் பெண், ஜெர்மானியக் கணவர். ஐவிஎஃப் செய்தபோது கணவருடைய விந்துக்குப் பதிலாக யாரோ ஓர் இந்தியருடையது தவறுதலாகச் சேர்க்கப்பட்டுவிட்டது. 2010-இல் குழந்தை பிறந்தது. தோல் நிறமும் முடியும் காட்டிக்கொடுத்தன. குழந்தையை வளர்க்கும் செலவைக் கேட்டுத் தாய் வழக்குப் போட்டார். பிள்ளையை நஷ்டக் கணக்கில் எழுத முடியாது என்று நீதிமன்றம் மறுத்தது. ஆனால் பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் இடையே இருக்க வேண்டிய ஒரு 'மரபணுப் பிணைப்பு' பறிபோயிருக்கிறது, அது நிஜமான இழப்புதான் என்றது. வளர்ப்புச் செலவில் 30 விழுக்காட்டை அந்த இழப்புக்கு ஈடாக வைத்தது.

"பாத்தியா, கோர்ட்டே சொல்லுது. நான் அதையே விட்டுக்குடுத்துட்டு நிக்கிறேன். இதுல ஊரக் கூட்டி வேற சொல்லணுமா?" என்றாள்.

அவள் வலி எனக்குப் புரிந்தது. ஆனால் அந்தத் தீர்ப்பில் எனக்குத் தைத்தது வேறு. அந்த அந்நியர் இந்தியராக இருந்ததால்தான் விஷயம் கண்ணில் பட்டது. கணவரைப் போலவே தோற்றமுள்ள ஒருவராக இருந்திருந்தால்? அடையாள அட்டையில் இனத்தை அச்சடித்துக் கொடுக்கிற ஊர் இது. அந்தப் பிணைப்பில் ரத்தம் எவ்வளவு, லிஃப்ட்டில் கூட ஏறுகிறவர்களின் பார்வை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க எந்த நீதிமன்றத்தாலும் முடியாது. நம் பிள்ளைகளைப் போன்ற ஒரு பிள்ளை, அதன் நிறமும் முடியும் ஒரு வழக்குக்கு ஆதாரமாக நின்றது என்பதையும் என்னால் சும்மா கடந்து போக முடியவில்லை.

அம்மா ஒரே வரியில் முடித்தார். "தெரிஞ்சா அது நாளைக்கு இவளத்தானே அம்மானு பாக்கும்?"

அக்காவும் கடைசியில் அதையேதான் சொன்னாள். "எனக்குன்னு ஒண்ணு வேணும்டி. உன்கூடப் பங்கு போட்டுக்கிட்டு இல்ல." நான் நிபந்தனையை விடவில்லை. அவள் கேட்பதை விட்டுவிட்டாள். ஒரு வருடம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. பிறகு ஒரு நாள், "சென்னைக்குப் போறோம், நீயும் வா" என்றாள்.

அந்த மருத்துவமனையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். கொடையாளர் எப்படி இருக்க வேண்டும்? உயரம், ரத்த வகை, படிப்பு, நிறம். நிறத்துக்கு நேராக நாலு கட்டங்கள். வெள்ளை, கோதுமை, மாநிறம், கறுப்பு. அத்தான் மாநிறத்தில் குறியிட்டார். பேனாவை வைத்ததும் அந்தக் கோஆர்டினேட்டர் பெண், படிவத்தில் இல்லாததை ரொம்ப மரியாதையாகக் கேட்டார். "கம்யூனிட்டி ஏதாச்சும் பிரிஃபரன்ஸ் இருக்கா மேடம்?"

அக்கா இல்லை என்று தலையாட்டினாள். ராத்திரி அம்மாவிடம் போனில் சொன்னபோது அம்மா கொஞ்சம் சும்மா இருந்துவிட்டு, "கேட்டிருக்கலாம்ல... நம்ம ஆளுங்களா இருந்தா நல்லதுதானே" என்றார். யாருக்குமே தெரியக்கூடாத ஒரு விஷயத்தில் சாதி மட்டும் சரியாக இருக்க வேண்டும். அப்படியானால் அது யாருக்குத் தெரிவதற்காக? அம்மாவைக் குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சிங்கப்பூரில் 1983-லேயே ஐவிஎஃப் குழந்தை பிறந்தது, அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கிய பேராசிரியர் எஸ்.எஸ்.ரத்தினம் இலங்கையில் பிறந்த தமிழர் என்று நான் சொன்னபோதும் அம்மா, "பாத்தியா, நம்ம ஆளு" என்றுதான் பூரித்தார். அதே "நம்ம ஆளு"தான்.

கருப்பையின் உட்சுவர் தடிக்க அக்கா மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த நாள்களில், அதே ஊரில் எங்கேயோ அந்தப் பெண்ணும் தினமும் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். இயல்பாக மாதம் ஒரு முட்டை முதிரும். ஊசி பத்துப் பதினைந்தை ஒன்றாக முதிரவைக்கும். நடுநடுவே ஸ்கேன். கடைசி ஊசி போட்டு ஏறக்குறைய 36 மணி நேரத்தில் மயக்க மருந்து கொடுத்து, பிறப்புறுப்பு வழியாக ஊசியை உள்ளே செலுத்தி முட்டைகளை உறிஞ்சி எடுப்பார்கள். பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். சிலருக்கு சினைப்பை அளவுக்கு மீறி வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, ஆபத்தாகவும் போகும். அக்காவின் கோப்பில் எழுதியிருந்தது: 14 முட்டைகள். 2021-இல் வந்த இந்தியச் சட்டம் ஒரு பெண்ணிடமிருந்து வாழ்நாளில் ஒரே ஒரு முறை, அதுவும் 7 முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது என்கிறது. வயது 23-லிருந்து 35-க்குள் இருக்க வேண்டும், அவளுக்குக் காப்பீடும் எடுத்துத் தர வேண்டும். நாங்கள் போனபோது அந்தச் சட்டம் இல்லை.

இரண்டாம் நாள் கழிவறையைத் தேடி வழிதவறிப் பின்பக்கத் தாழ்வாரத்துக்குப் போய்விட்டேன். அங்கே வேறு வாசல். ஐந்தாறு பெண்கள் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி காலடியில் டிபன் பை, இன்னொருத்தி மடியில் தூங்குகிற பிள்ளை. என்னைப் பார்த்ததும் பச்சைச் சுடிதார் போட்ட ஒருத்தி நகர்ந்து இடம்விட்டு, "உக்காருங்கக்கா, இன்னும் கூப்புடல" என்றாள். என்னையும் அவர்களில் ஒருத்தி என்றே நினைத்துவிட்டாள். ஒரு வருடத்துக்கு முன்னால் நானும் கிட்டத்தட்ட அதுவாகத்தான் இருந்தேன். "இல்லங்க, பாத்ரூம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். பாப்பாவுக்கு முட்டை தந்தவள் அந்த வரிசையில் இருந்தாளோ இல்லையோ. எனக்கு அந்தப் பச்சைச் சுடிதார்தான் மனதில் நிற்கிறது.

ரசீது வந்தது. மயக்க மருந்து, ஆய்வகம், மருந்துகள் என்று நீண்ட பட்டியலில் நடுவே ஒரு வரி: 'டோனர் சார்ஜஸ்'. அதில் அவள் கைக்கு எவ்வளவு போனது, இடையில் யார் யாருக்கு எவ்வளவு போனது என்று அந்த வரி சொல்லவில்லை. ஆனால் சுவரில் பெரிய எழுத்தில் 'கருமுட்டை தானம்' என்று போட்டிருந்தார்கள். அன்னதானம், ரத்ததானம், கண்தானம் என்ற வரிசையில் இதையும் கொண்டுபோய் நிறுத்திவிட்டோம். தானம் என்ற சொல்லில் ஒரு வசதி இருக்கிறது. கொடுத்தவள் எதையும் எதிர்பார்க்கவில்லை என்று ஆகிவிடுகிறது. பிறகு அவளைப் பற்றி யாரும் எதையும் விசாரிக்க வேண்டியதில்லை. நான் கொடுத்திருந்தால் அது நிஜமாகவே தானமாக இருந்திருக்கும். ஆனால் நான்தான் நிபந்தனை போட்டேனே.

'முதலிலேயே நம்ம புராணத்தில் இதெல்லாம் உண்டு' என்று வாட்ஸ்அப்பில் வருகிற பெருமையில் எனக்கு ஆர்வம் இல்லை. ஆனாலும் பலராமனை யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது. தேவகியின் வயிற்றில் உண்டான கரு ரோகிணியின் வயிற்றுக்கு மாற்றப்பட்டது. பிறந்தவனுக்கு ரோகிணியின் மகன் என்றே பெயர். சங்க அகப்பாடல்களில் தலைவிக்கு நற்றாய், செவிலித்தாய் என்று இரண்டு பேர். மகள் காதலனோடு போய்விட்டால் நற்றாய் வீட்டிலிருந்து புலம்புவாள், சுரத்தில் தேடிக்கொண்டு போகிறவள் செவிலி. யார் உண்மையான தாய் என்று அந்தப் பாடல்கள் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. பெரியம்மா, சின்னம்மா, சித்தி என்று அம்மாவின் அக்கா தங்கை எல்லோரையும் அம்மாவாக்கி வைத்திருக்கிற மொழி நம்முடையது. தாய்மையைப் பங்கு போட நமக்குத் தெரியும். ஆனால் எல்லாம் வீட்டுக்குள். வீட்டுக்கு வெளியே, பெயர் தெரியாமல், பின்வாசல் வழியாக வந்து போகிற ஒருத்திக்கு நம்மிடம் சொல் இல்லை.

இன்னொன்றும் உண்டு. விதை ஆணுடையது, நிலம் பெண்ணுடையது என்றுதான் நம் முன்னோர் பேசினார்கள். நமக்கு மட்டும் இல்லை, பாதி உலகத்துக்கும் அதே உவமைதான். பாலூட்டிகளின் முட்டையை கார்ல் எர்ன்ஸ்ட் ஃபோன் பேயர் கண்டுபிடித்ததே 1827-இல்தான். பெண்ணுக்கும் விதை உண்டு என்று தெரிந்து 200 வருடம்கூட ஆகவில்லை. மாதொருபாகனில் காளியைக் குலைத்துப் போடுவது இன்னொருவன் விதை. அந்தத் துயரத்துக்கு நம்மிடம் கதை இருக்கிறது, அந்தக் கதைக்கு எதிராகக் கடையடைப்புகூட இருந்தது. இன்னொருத்தியின் விதை தன் நிலத்தில் முளைக்கும்போது ஒரு பெண்ணுக்கு என்ன ஆகிறது? பழைய கதை ஏதும் உதவிக்கு வராது. ஜெர்மனியில் 1990-இல் இயற்றிய சட்டம் விந்துக் கொடையை அனுமதித்துக்கொண்டே கருமுட்டைக் கொடையைத் தடுத்தது. தாய்மை இரண்டாகப் பிளவுபட்டால் பிள்ளைக்குக் கேடு என்று சொன்ன காரணம். தந்தைமை பிளவுபட்டால் மட்டும் ஒன்றும் ஆகாதாம்.

கரு நின்றது. 2020 செப்டம்பரில் பாப்பா பிறந்தாள். கொரோனா காலம், யாரும் கூட்டமாக வந்து பார்க்க முடியவில்லை. அக்காவுக்கு அது ஒரு வரம் என்று பிறகு சொன்னாள். வீடியோ அழைப்பில் எல்லோரும் பார்த்தார்கள். "அப்படியே அம்மா மூக்கு" என்றார் அத்தை. "தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை." அக்கா சிரித்தாள். அந்த மூக்கு ஏதோ ஒரு பச்சைச் சுடிதாருடையதாகவோ, அவள் அம்மாவுடையதாகவோ இருக்கலாம். எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது இதுதான்: கருமுட்டைகள் உருவாவது ஒருத்தி தன் அம்மாவின் வயிற்றில் சிசுவாக இருக்கும்போது. அப்படியென்றால் பாப்பாவின் ஒரு பாதி 1990-களில் தமிழ்நாட்டில் ஏதோ ஒரு பெண்ணின் கர்ப்பத்துக்குள் இருந்திருக்கிறது. அந்தப் பாட்டிக்கு இங்கே ஒரு பேத்தி இருப்பது தெரியாது. அதே சமயம் கர்ப்ப காலத்தில் சிசுவின் அணுக்கள் சுமப்பவளின் உடலுக்குள் கலந்து பல வருடங்கள் தங்கிவிடுவதும் உண்டு. பாப்பாவின் ஏதோ ஒரு துளி அக்காவுக்குள் இன்னும் இருக்கலாம். ரத்தம்தான் வேண்டும் என்றால் அந்தத் திசையிலும் ஓடியிருக்கிறது.

2022 ஜூனில் ஈரோட்டுச் செய்தி வந்தது. 16 வயதுப் பெண். ஆதார் அட்டையில் வயதைக் கூட்டிக் காட்டி, தனியார் மருத்துவமனைகளுக்கு அழைத்துப் போய், பல முறை அவள் கருமுட்டைகளை எடுக்க வைத்து விற்றிருக்கிறார்கள். கைதானவர்களில் அவள் அம்மாவே ஒருத்தி. தமிழ்ச் செய்தியில் ஓடும்போது அக்கா டிவியை அணைத்துவிட்டாளாம். அன்று ராத்திரி 12 மணிக்கு மேல் எனக்குப் போன் செய்தாள்.

"நம்ம பேப்பர்ல 24னு போட்டிருந்துச்சில்ல?"

"ஆமா."

"அந்தப் புள்ளைக்கும் பேப்பர்ல அப்படித்தானே போட்டிருப்பாங்க."

என்னிடம் பதில் இல்லை. அது வேறு ஊர், வேறு ஆள்கள், எல்லா இடத்திலும் அப்படி இருக்காது என்று ஏதோ சொன்னேன். எல்லாம் சரிதான். ஆனால் எங்களிடம் இருந்ததும் ஒரு காகிதம்தான். அப்போதுதான் வாயைத் திறந்து சொன்னேன். நான் அன்றைக்கு நிபந்தனை போடாமல் இருந்திருந்தால் நீ சென்னைக்குப் போயிருக்க வேண்டியதில்லை. என் முட்டைக்கு யாரும் ஆதாரைத் திருத்தியிருக்க வேண்டியதில்லை.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "லூசு மாதிரி பேசாத. நீ குடுத்திருந்தா பாப்பா இருந்திருக்க மாட்டா. வேற ஏதோ ஒண்ணு இருந்திருக்கும். உன் மூக்கோட" என்றாள்.

டெரெக் பார்ஃபிட் 1984-இல் ஒரு தடித்த புத்தகம் எழுதி விளக்கிய சிக்கல் இது. ஒரு முடிவு மாறியிருந்தால் இந்தப் பிள்ளையே இல்லை, வேறொரு பிள்ளை. ஆகவே இந்தப் பிள்ளைக்குத் தீங்கு நடந்தது என்று சொல்ல முடியாது. அக்கா அதை நள்ளிரவில் போனில் இரண்டு வரியில் சொல்லிவிட்டாள். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. வருத்தப்பட வேண்டுமென்றால் பாப்பா இல்லாத ஓர் உலகத்துக்கு ஆசைப்பட வேண்டும். அது என்னால் ஆகாது. அவள் என்னை "சித்தி" என்று கூப்பிடும்போது கடைசி எழுத்தை இழுப்பாள்.

ஆனால் அந்த ஆறுதலில் ஒரு கள்ளம் இருப்பது மெதுவாகத்தான் தெரிந்தது. அது பாப்பாவின் கணக்கை மட்டும் தீர்க்கிறது. அந்தப் பெண் பாப்பாவுக்கு முன்பே இருந்தவள். நாங்கள் போகாவிட்டாலும் அவள் இருந்திருப்பாள். அவளுக்கு ஏதாவது நடந்திருந்தால் அது நிஜமாக நடந்ததுதான், பாப்பாவின் சிரிப்பு அதைச் சரிக்கட்டாது. நாங்கள் பாப்பாவைக் கொஞ்சக் கொஞ்ச அந்தத் தாழ்வாரம் தூரப் போய்க்கொண்டே இருக்கிறது. எதிர்ப்பக்கமும் யோசித்துப் பார்த்தேன். அவள் பாவப்பட்டவள், ஏமாற்றப்பட்டவள் என்று நான் ஏன் கற்பனை செய்ய வேண்டும்? தெரிந்தே, விலை பேசியே வந்திருக்கலாம். அந்தப் பணத்தில் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டியிருக்கலாம், கடனை அடைத்திருக்கலாம், பிறகு இதை மறந்தும் போயிருக்கலாம். என் இரக்கம் அவளுக்குத் தேவைப்படாமலே இருக்கலாம். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. ஊசி போட்டு முடித்த பிறகு அவள் நன்றாக இருந்தாளா? அதைக் கேட்பதற்கு ஒரு முகவரி கிடையாது. எங்களுக்கு அப்படி விற்கப்பட்டதில் அந்த முகவரியின்மையும் சேர்த்தி. சொல்லப்போனால் அதற்குத்தான் அதிக விலை.

என் நிபந்தனையைப் பற்றியும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பிள்ளைக்குத் தெரிய வேண்டும் என்று நான் அடம்பிடித்தது முழுக்கப் பிள்ளைக்காகவா? தெரிந்தால் தெரியப்போவது என் பெயர். கொடுத்தவள் நான் என்று ஒரு நாள் ஒருவர் என்னைத் திரும்பிப் பார்ப்பதில் எனக்கு ஆசையே இல்லை என்று சத்தியம் செய்ய முடியவில்லை. அம்மா பயந்தது அதைத்தான், அம்மா பயந்தது தப்பில்லை. இன்று ஒரு விநோதம் நடந்திருக்கிறது. முட்டை என்னுடையதாக இருந்திருந்தால் அக்கா சாகும்வரை வாயைத் திறந்திருக்க மாட்டாள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்து நிற்கிற தங்கையைப் பற்றி எப்படிச் சொல்வது? பெயர் தெரியாத ஒருத்தி என்பதால் இப்போது கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்குப் பேச வருகிறது. நான் கேட்ட நிபந்தனை நிறைவேறுவதானால், நான் அதில் இல்லாததால்தான் நிறைவேறும்.

போன வருடம் அக்கா ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து கொடுத்தாள். சென்னைக் கோப்பின் நகல். வயது, உயரம், ஓ பாசிட்டிவ், மாநிறம், 14. "எனக்கு ஏதாச்சும் ஆயிட்டா நீ சொல்லணும்" என்றாள். "நீயே சொல்லேன்" என்றேன். "பாப்போம்" என்றாள். அது என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில், பாஸ்போர்ட்டுக்கு அடியில் இருக்கிறது.

போன மாதம் பாப்பாவுக்கு மறுபடி இருமல். இப்போது 5 வயது, மடியில் உட்காருவதில்லை. மீன் படங்களைக் கிட்டப் போய் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள். வேறு மருத்துவர், இளம்பெண். பழைய பதிவைப் படித்துவிட்டு, "அம்மா பக்கம் பாட்டிக்கு ஆஸ்துமா, இல்லையா?" என்றார்.

அக்கா பாப்பாவைப் பார்த்தாள். "அதை எடுத்துருங்க டாக்டர். அம்மா பக்கம் எனக்குத் தெரியாது."

மருத்துவர் ஏதோ கேட்க வாயெடுத்தார், பிறகு கேட்காமல் எதையோ அழித்துவிட்டு எதையோ தட்டினார். மருந்து வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். பாப்பா பதினொரு மீன் இருந்தது என்றாள். அக்கா என் பக்கம் திரும்பாமலே, "இன்னைக்கு இவ்வளவுதான்டி என்னால முடிஞ்சது" என்றாள்.